ஓட்டை போட்ட சைலன்ஸர்

“ஒண்ணு பாண்டித்துரையை அனுப்புங்க. இல்லீன்னா நான் போயிக்கறனுங்க.”

தரணீதரன் நிமிர்ந்து பார்த்தார். சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு அனுப்புகிறவர் அவர். குண்டடம் பக்கத்துக் காடுகளில் அவருக்கு மரம் அறுக்கச் செயின்சா பிடிக்கிற ஆட்கள் செந்தில்வேலும் பாண்டித்துரையும்தான்.

“என்ன செந்திலு, அவன் என்ன பண்ணினான்?”

“மத்தியானம் நான் கண்ணசர்ற நேரமாப் பார்த்து என் மெஷினை நோண்டறானுங்க. நேத்து நான் எந்திரிச்சதும் எதையோ மடியில சொருகிட்டான். எம்பட மெஷின்ல எவனும் கை வெக்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னனுங்க.”

இருவரும் ரெண்டு மாதத்துக்கு முன் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். செந்தில்வேல் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் புது மெஷின் வாங்கினவன். வேகம் வேண்டுமென்று சைலன்ஸரில் ஓட்டை போட்டு, பல் வைத்த செயின் சுற்றி ஓடுகிற பாரையும் நீளமானதாக மாட்டியிருந்தான். அது போடுகிற சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆடுகள் மிரளும். பாண்டித்துரை உசிலம்பட்டியிலிருந்து தூக்கி வந்ததோ பெயிண்ட் உரிந்த பழசு. ஆனாலும் பெருத்த வேம்பு என்றால் தரணீதரன் அவனைத்தான் கூப்பிடுவார். அதை நினைத்தாலே செந்தில்வேலுக்குச் சோறு இறங்காது.

பாண்டித்துரையை வரவழைத்துக் கேட்டார்.

“இவன் மெஷினைத் தொட்டியாப்பா?”

“தொட்டேங்கய்யா.”

“எதுக்கு?”

பாண்டித்துரை செந்தில்வேலை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“சும்மாதேங்கய்யா. புது மெஷினாச்சேன்னு பார்த்தேன்.”

அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். செந்தில்வேல் அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மெஷின் மரத்தில் இறங்க மறுத்தது. சத்தம் மட்டும் குறையவில்லை. புகை கிளம்பியது, மாவு மாதிரி தூள் கொட்டியது.

“நாளைக்கு ரெண்டு லோடு போயாகணும் செந்திலு. முடியலீன்னா சொல்லிப்போடு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்றார் தரணீதரன்.

செந்தில்வேல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் மெக்கானிக்கிடம் ஓடினான்.

“ஒருத்தன் வயித்தெரிச்சல்ல இதை என்னமோ பண்ணிட்டுப் போயிட்டானுங்க.”

மெக்கானிக் வெள்ளியங்கிரி செயினைத் தடவிப் பார்த்தார்.

“மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. பல்லு மழுங்கியிருக்குது. ரெண்டு மூணு நாளா அரம் போடலையாட்ட இருக்குது.”

“அதுக்கு முன்னால?”

“தெனமும் போட்டிருக்குதுங்க. பாருங்க, பல்லெல்லாம் பாதியாத் தேஞ்சிருக்குது, அத்தனையும் ஒரே அளவு. நல்ல கைக்காரர் போட்டது. இல்லீன்னா இந்த ஓட்டை சைலன்ஸர் சத்தம்தான் போடும், மரம் அறுக்காது. உங்க அரத்தைக் குடுங்க, நானே போட்டுத் தர்றேன்.”

செந்தில்வேல் பெட்டியைத் திறந்தான். மெஷின் வாங்கிய அன்று கடையில் கொடுத்த அரம், கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.