தேதி சொல்கிறேன், வாங்க

"மூணு டிக்கெட்டையும் நானே எடுத்துட்டேன் சார். வாங்கம்மா, உள்ள போகலாம்" என்றார் கான்ட்ராக்டர்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக இவர்களுடைய வீட்டைக் கட்டிக்கொண்டே இருக்கிற மனிதர், இதுவரை ஒரு டீ வாங்கிக் கொடுத்தது கிடையாது.

ஆறே மாதத்தில் முடியும் என்று ஆரம்பித்த வீடு அது. அதுவரைக்கும்தானே என்று நாத்தனார் வீட்டில் ஓர் அறையில் ஒண்டியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நேற்று நாத்தனார், யாரும் கேட்காமலேயே, இவர்களுடைய பெட்டிகளைத் தூசி தட்டி வாசல் பக்கம் அடுக்கி வைத்துவிட்டாள். பாவம், அவளும் எவ்வளவு நாள்தான் பொறுப்பாள்?

"குடிபோற தேதியைச் சொல்லுங்க" என்று மனைவி கறாராகக் கேட்டதற்கு, "பெரிய தேவாலயத்துக்கு வாங்கம்மா, அங்க வெச்சு சொல்றேன்" என்றிருந்தார் கான்ட்ராக்டர்.

உள்ளே நுழைந்ததும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. தூண்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குப் போய், அங்கே கல் கல்லாகக் கிளை பிரிந்து, கூரையில் கூர்கூராக வளைந்து சேர்ந்தன. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் அவள் புடவையில் சிவப்பும் நீலமுமாகப் படர்ந்தது.

"இவ்வளவு பாரத்தையும் இந்தத் தூணா தாங்குது?" என்று கணவன் வாயைப் பிளந்தான்.

"இல்ல சார். சுவருக்கு வெளிய கல்லுல வளைவு கட்டி முட்டுக்கொடுத்திருக்காங்க. அதனாலதான் சுவர்ல இவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க முடிஞ்சுது" என்றார் கூடவே வந்த தேவாலய வழிகாட்டி.

"அந்த வளைவு கட்ட எத்தனை வருஷம்?" என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

"முப்பத்திரெண்டு."

கான்ட்ராக்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கம் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். கணவன் மனைவியிடம் கிசுகிசுத்தான்: "மனுஷன் திருந்திட்டாரு. தொழில் கத்துக்கிறாரு பாரு."

அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "நம்ம மாடிப்படி ஜன்னலுக்கு இந்த மாதிரி கலர் கண்ணாடி போடலாமா?"

"தாராளமா போடலாம்மா!" என்ற கான்ட்ராக்டர் வழிகாட்டி பக்கம் திரும்பினார். "கண்ணாடி வேலைக்கு எவ்வளவு காலம் ஆச்சு?"

"நாற்பது வருஷம் சார்."

அதையும் எழுதிக்கொண்டார்.

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு மறுபடி பெட்டிகள் ஞாபகம் வந்தன.

"எல்லாம் ரொம்ப அழகு. இப்ப தேதியைச் சொல்லுங்க. இல்லன்னா நான் இந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன்" என்று கைப்பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

கான்ட்ராக்டர் பதறவில்லை. "தம்பி, மொத்தம் எத்தனை வருஷம்?" என்று வழிகாட்டியைக் கேட்டார்.

"இருநூத்திப் பதினஞ்சு வருஷம் சார். அப்பவும் முடியல. அதோ, இடது கோபுரம் இன்னும் பாதியிலதான் நிக்குது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்."

கான்ட்ராக்டர் டிக்கெட்டை மடித்து அவள் கையில் வைத்தார். மூன்று வருஷத்து மனக்குறை முழுவதும் அவர் குரலில் இருந்தது.

"இதைக் கட்டினவங்களை ஒருத்தராவது போன் பண்ணித் திட்டினாங்களாம்மா?"