கேப்டன் லார்க்கமுக்குத் தடை

"இந்தக் கேசட் இனிமே நம்ம நூலகத்துல ஒரு நாள்கூட இருக்கக் கூடாது."

நூலகக் கமிட்டித் தலைவி திருமதி அக்ராய்ட், செத்த எலியைத் தூக்குவது போல் கேசட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அவர் வாய் திறந்தால் யார்க்‌ஷயரில் ஆலைச் சங்குகூட அடங்கிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

எதிரே டெரெக் ஹெப்வொர்த் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 1985-ல் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்ததை நம்பி, கம்பளிக் கிடங்கு வேலையை விட்டவன். அம்மாவின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு வருடமாக அவன் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டுதான் அந்தக் கேசட்டில் இருந்தது.

முப்பது நாற்பது வருடத்துக்கு முன் சனிக்கிழமை தோறும் தியேட்டரில் ஓடிய விண்வெளித் தொடர்களைப் போல, கேப்டன் லார்க்கம் என்கிற வீரன் கிரகம் கிரகமாகத் தாவிக் குதிப்பான். என்ன குதித்து என்ன? கடையில் தூசுதான் படிந்தது. இது விற்காவிட்டால் இரண்டாம் பாகம் கிடையாது. டெரெக் மறுபடி கிடங்குக்கே போக வேண்டியதுதான்.

"அப்படி என்ன மேடம் தப்பு அதுல?" என்று கேட்டார் கமிட்டி உறுப்பினர் ஆர்மராட். கசாப்புக் கடைக்காரர். "நானும் இங்க போட்டுப் பார்த்தேன். ஒருத்தன் நண்டைத் தாண்டிக் குதிக்கிறான். விழறான், சாகறான். மறுபடியும் முதல்லேர்ந்து. நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

"நண்டு முதல் அறை. அதுக்கு மேல நீங்க எங்க போனீங்க? செவ்வாய்க் கிரகத்துல சிவனேன்னு நிக்கிற காவக்காரங்களைக் கதிர் துப்பாக்கியால பொசுக்கறான். அவங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்காதா?"

ஆர்மராட் தினம் ஆடு வெட்டுகிறவர். பிள்ளைகுட்டி விஷயத்தில் வாய் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"அதைக்கூட விட்டுடலாம். சனிக் கிரகத்து ராணி குளிக்கிற அறைன்னு ஒண்ணு வெச்சிருக்கான். உடம்புல சோப்பு நுரையைத் தவிர ஒண்ணும் கிடையாது."

ஆர்மராட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எந்தப் பக்கம் வருது?"

கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த உள்ளூர்ப் பத்திரிகை நிருபரும் விழித்துக்கொண்டார். திருமதி அக்ராய்ட் அவர் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதிக்குங்க. சோப்பு நுரை. விளையாட்டுப் பேரு 'கேப்டன் லார்க்கம்'. நம்ம பாலத்துக்குப் பக்கத்துல ரேடியோ கடையில ஏழு பவுண்டுக்கு, கொஞ்சங்கூட வெக்கமில்லாம வித்துக்கிட்டிருக்காங்க. பேரைத் தப்பா போட்டுடாதீங்க."

டெரெக் மெல்லத் தலையைத் தூக்கினான். அந்தக் குளியல் அறையை அவன் வேடிக்கைக்காக ஒளித்து வைத்திருந்தான். ஒரு உயிரைக்கூட இழக்காமல் போகிறவர்களுக்குத்தான் அதன் கதவு திறக்கும். செய்த அவனே நேர்வழியில் அங்கே போனதில்லை.

"மேடம், அந்த அறை உங்களுக்கு எப்படி..."

"பெரியவங்க பேசறப்ப குறுக்கே பேசாதே தம்பி. தடைக்குச் சம்மதம்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. ஆர்மராட் கை கொஞ்சம் யோசித்துவிட்டு உயர்ந்தது.

டெரெக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். படிக்கட்டில் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

"நில்லு தம்பி."

"இன்னும் என்ன மேடம் பாக்கி? ஊருக்குத்தான் உபதேசம், இல்ல? நீங்க அந்த அறை வரைக்கும் ஆடியிருக்கீங்க. இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

திருமதி அக்ராய்ட் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கு மேலயும் போனேன். கடைசியில எரிமலைக்கு மேல ஒத்தைக் கயித்துல அவனைத் தொங்க விட்டு, கயிறும் அறுபடப் போற நேரத்துல 'தொடரும்'னு போட்டியே, பாவி. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை."

டெரெக்குக்குக் கோபம்கூட மறந்துபோயிற்று. "அப்புறம் எதுக்கு மேடம் தடை பண்ணினீங்க?"

"நூலகத்துல ஓசியில கிடைச்சா கடையில எவன் வாங்குவான்? நல்ல விளையாட்டுன்னு நான் சொன்னா இந்த ஊர்ல ஒரு நாய் சீண்டாது. போன வருஷம் ஒரு நாவலை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தேன். இன்னும் அலமாரியில ஒட்டடை பிடிச்சுக் கிடக்குது. அதுக்கு முந்தி ஒண்ணைத் தடை பண்ணினேன். அதை எழுதினவன் இப்ப கார் வாங்கிட்டான்."



திருமதி அக்ராய்ட் பாலத்தின் பக்கம் மோவாயை ஆட்டிக் காட்டினார். அங்கே, பின்வாசல் வழியாக நழுவியிருந்த ஆர்மராட், கோட்டுக் காலரைக் காது வரை தூக்கி விட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி ரேடியோ கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே முதல் ஆள் போயாச்சு. நீ வீட்டுக்குப் போய் ரெண்டாம் பாகத்தை எழுதற வழியைப் பாரு. அவன் அங்க தொங்கிக்கிட்டிருக்கான்."