எக்ஸ் இல்லாத தாள்கள்

நான்காவது தாளிலும் எக்ஸ் இல்லை.

அவள் அதைத் தள்ளி வைத்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வந்து சிவப்புப் பேனாவோடு உட்காருகிறாள். யார் யோசித்து எழுதியது, யார் எட்டிப் பார்த்து எழுதியது என்று இரண்டு வரி படித்ததுமே சொல்லிவிடுவாள். இதுவரை தப்பியதில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் இதே விடைத்தாள் கட்டுக்குள் மூன்று பேரைப் பிடித்திருந்தாள்.

செவ்வகத் தோட்டம். நீளமும் அகலமும் சேர்ந்து இருபது மீட்டர். பரப்பளவு தொண்ணூற்றாறு. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?

அகலத்தை எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுத வேண்டும். விடைக்குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது.

மூன்று பேரும் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே வேறு மாதிரி.

இருபதில் பாதி பத்து. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. நூற்றில் தொண்ணூற்றாறு போனால் நான்கு. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. பத்தோடு இரண்டைக் கூட்டினால் பன்னிரண்டு, கழித்தால் எட்டு.

விடை சரி. ஆனால் இது என்ன வழி?

எவனோ விடையைச் சொல்லியிருக்கிறான். இதுகள் நடுவில் எதையோ போட்டு நிரப்பியிருக்கின்றன. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. முறைகேடு அறிக்கை எழுதி, தாள்களோடு சேர்த்து முதன்மைத் தேர்வாளர் ஆவுடையப்பனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மேலே போய்விடும். மூன்று பேருக்கும் ரிசல்ட் நிற்கும். ஒரு வருடமாவது வீணாகும்.

ஆகட்டும் என்றுதான் நினைத்தாள்.

இப்போது இந்த நான்காவது.

இது தோட்டத்துக் கணக்கே இல்லை. 'அல்லது' போட்டுக் கொடுத்திருந்த மற்ற கணக்கு. இரண்டு எண்கள். கூட்டினால் பதினைந்து, பெருக்கினால் ஐம்பத்தாறு.

வழி மட்டும் அதே வழி. பதினைந்தில் பாதி ஏழரை என்று ஆரம்பித்து, எட்டு, ஏழு என்று வந்து நிற்கிறது.

அந்த மூன்று பேரைப் பார்த்து இதை எழுதியிருக்க முடியாது.

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

குருட்டு அதிர்ஷ்டம். எண் பெரிதானால் மாட்டிக்கொள்ளும்.

வினாத்தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். கூட்டினால் ஐம்பது, பெருக்கினால் அறுநூற்றுப் பதினாறு. பாதி இருபத்தைந்து. அதன் வர்க்கம் அறுநூற்று இருபத்தைந்து. மீதி ஒன்பது. மூலம் மூன்று. இருபத்தெட்டு, இருபத்திரண்டு.

சரியாக வந்தது.

சனியன்.

வேறு எண் போட்டாள். வந்தது. தசமம் போட்டாள். வந்தது. குறை எண் போட்டாள். அதற்கும் வந்து தொலைத்தது. அழுத்திய அழுத்தில் வினாத்தாள் கிழிந்தது.

பக்கத்து மேசை மெர்சி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஒரு தாளோட இவ்ளோ நேரமா மல்லுக்கட்டுதீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஒன் வேலையப் பாரு."

ஏன் வருகிறது?

ஓர் எண் பாதியைவிட எவ்வளவு கூடுதலோ, மற்ற எண் அவ்வளவு குறைவு. பாதி ஏ, வித்தியாசம் பி என்றால், ஏ கூட்டல் பி. ஏ கழித்தல் பி. பெருக்கினால் ஏ வர்க்கம் கழித்தல் பி வர்க்கம்.

அவ்வளவுதான்.

வருடா வருடம் அவள் பலகையில் எழுதிக் கட்டம் கட்டி, பிள்ளைகளைப் பத்துத் தடவை ஒப்பிக்க வைக்கிற சூத்திரம். யாரோ ஒரு வாத்தியார் அதை ஒப்பிக்கச் சொல்லாமல் உபயோகிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு வகுப்பே கற்றுக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு அந்த முகம் தெரியாத வாத்தியார் மேல் ஆத்திரமாக வந்தது. தன் மேல் அதைவிட. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேறு வழி இருக்குமோ என்று தோன்றியிருக்கக் கூடாதா?

எழுந்து விறுவிறுவென்று நடந்தாள்.

ஆவுடையப்பன் உறையின் வாய்க்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"சார், நான் குடுத்த அறிக்கையத் திருப்பித் தாங்க. அது காப்பி இல்ல. புள்ளைங்க சரியாத்தான் எழுதியிருக்கு. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."



அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு, உறைக்குள்ளிருந்து அறிக்கையையும் தாள்களையும் உருவி நீட்டினார். அறிக்கையின் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, பச்சை மையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"சரிபாத்தீங்களா சார்?"

"எதுக்கு டீச்சர்? நீங்க எழுதிக் குடுத்தா தப்பு இருக்காதுல்லா."

அறிக்கையை அங்கேயே கிழித்தாள். மூன்று தாள்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போகலாம். ஆனால் நின்றாள்.

"போன வருஷம் நான் எழுதுனது?"

"அதுவும் அப்படித்தான். உங்களுத எதையுமே நான் பாக்கதே இல்ல" என்றார் அவர், பெருமையாக.

போன வருடம் ஆறு பேர்.

அந்த ஆறு தாள்களிலும் என்ன எழுதியிருந்தது என்று அவள் நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்தாள். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.