காலிக் கட்டங்கள்

ஆய்வாளர் காலிக் கட்டங்களை மட்டுமே எண்ணினார். ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். கையெழுத்து இருந்த கட்டங்களின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸும் ஒவ்வொரு வட்டத்தையும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தார். போன வருடமே மதிப்பெண் குறைவு. இந்த முறையும் தேறாவிட்டால் மறுவாழ்வு இல்லத்துக்கு உரிமம் கிடையாது. இருபத்திரண்டு நோயாளிகளும் வேறு இடம் தேட வேண்டும்.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். திருப்பியதும் சார்ட்டில் அந்த நேரத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினேழு," என்றார் ஆய்வாளர். வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "ஒரு மாசத்துல பதினேழு தடவை நேரத்துக்குத் திருப்பல."

"ஆமா சார். ஆள் பத்தல."

கதவோரம் நின்ற உதவி நர்ஸ் பல்லைக் கடித்தாள். காலையிலேயே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். "பதினேழு கையெழுத்துதானேக்கா? மத்த இடத்துல எல்லாம் காலைல டீ குடிக்கும்போதே ராத்திரி வரைக்கும் போட்டு முடிச்சிடுறாங்க. நீங்க மட்டும் அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு."

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுத எனக்குக் கை வராதுடி," என்று சொல்லியிருந்தார் தலைமை நர்ஸ்.

ஆய்வாளர் தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து, அந்தச் சார்ட்டின் அருகில் வைத்தார். அதுவும் ஒரு சார்ட்தான். காலை ஆறு மணி முதல் மறுநாள் விடியற்காலை நாலு மணி வரை பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு கையெழுத்துகள். ஒரே மை, ஒரே சாய்வு. குறிப்பு எழுதும் இடத்தில் பன்னிரண்டு தடவையும் 'அமைதியாக இருக்கிறார்' என்று இருந்தது. பெயர் எழுதிய இடத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது.

"மாதிரித் தாளா சார்?"

"வேற ஒரு இல்லத்தோடது. போன வருஷம் அவங்களுக்கு நான்தான் முழு மார்க் போட்டேன்."

தலைமை நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அஞ்சாம் நம்பர் பெட்டைப் பார்க்கணும்," என்று ஆய்வாளர் எழுந்தார்.

ஐந்தாம் நம்பரில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

"வாங்க சார். உட்கார சீட் இருக்கு, நின்னுக்கிட்டு வர வேண்டாம்."

ஆய்வாளர் உட்காரவில்லை. "நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு உங்களைத் திருப்பிப் படுக்க வச்சாங்களா?"

கண்டக்டர் தலைமை நர்ஸைப் பார்த்தார். தலைமை நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு ஏதாவது பிரச்சனை வருமா சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வரல. அடுத்த பெட் பெரியவர் கீழ விழுந்துட்டாரு, எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. அஞ்சே காலுக்குத்தான் வந்தாங்க." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வண்டி லேட்டுன்னு நான் யாரைத் திட்டுறது? முப்பது வருஷம் லேட்டா வந்த வண்டியிலதான் டிக்கெட் கிழிச்சேன்."

ஆய்வாளர் சார்ட்டைப் பார்த்தார். நாலு மணிக் கட்டம் காலி. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் '5.15, தாமதம்' என்று இருந்தது. கண்டக்டரை ஒருக்களிக்கச் செய்து முதுகைப் பார்த்தார். இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். புண் இல்லை. தோல் சிவக்கக்கூட இல்லை.

அறைக்குத் திரும்பியதும் நின்றபடியே படிவத்தை நிரப்பினார். உதவி நர்ஸ் கதவருகில் இருந்தே எட்டிப் பார்த்தாள். தலைமை நர்ஸ் பார்க்கவில்லை. இருபத்திரண்டு பேரில் யாருடைய வீட்டுக்கு முதலில் போன் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

படிவம் மேஜைமேல் நகர்ந்து வந்தது. 'பதிவேடுகள்' என்ற இடத்தில் இருபதுக்கு இருபது. கீழே இரண்டு வரிகள்: 'உடனடியாக மேலும் இரண்டு நர்ஸ்களை நியமிக்க வேண்டும். உரிமத்தை நீட்டிக்கலாம்.'

தலைமை நர்ஸ் அதை இரண்டு முறை படித்தார்.

"சார், பதினேழு கட்டம் காலியா இருக்கே?"

"அதனாலதான்."

"அப்போ இது?" தலைமை நர்ஸின் விரல் பிளாஸ்டிக் உறையைத் தொட்டது. "இதுல ஒண்ணுகூடக் காலி இல்லையே சார்?"

ஆய்வாளர் அந்தத் தாளை எடுத்தார். உறையின் ஓரத்தை நீவிவிட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"நான் போட்ட மார்க்கை நம்பித்தான் என் மனைவியை அங்க சேர்த்தேன்," என்றார் அதே குரலில். "இது கடைசி நாள் சார்ட். அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கே அவ இறந்துட்டா."