நட்டநடுவில் ஒரு தடம்

தேயிலைத் தோட்டத் துரை மட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளப் வராந்தாவுக்குக் கீழே, கோல்ப் மட்டைப் பையைத் தோளில் போட்டபடி நின்ற மாரிசாமியும் அதையேதான் பார்த்தான்.

பெரிய மட்டையின் முகத்தில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு. அதன் நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, பந்து பட்ட தடம்.

துரையின் அடி ஒருநாளும் நடுவில் பட்டதே கிடையாது.

ஆறு மாதமாக அதுதான் அவருக்குத் தலைவலி. பந்து எப்போதும் மட்டையில் கம்பு வந்து சேரும் ஓரத்தில்தான் படும். பட்டதும் கோணிக்கொண்டு ஓடி எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். எந்த இடத்தில் படுகிறதென்று தெரிந்துகொள்ள, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை மட்டையின் முகத்தில் தேய்த்துப் பார்க்கும்படி ஏதோ சீமைப் பத்திரிகையில் எழுதியிருந்ததாம். வெண்கட்டிக்கு இந்த மலையில் எங்கே போவது? மாரிசாமியின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருந்தது.

அன்றிலிருந்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சுண்ணாம்பு பூசுவதும், அடித்தபின் துரைக்குக் காட்டிவிட்டுத் துடைப்பதும் மாரிசாமியின் வேலையாயிற்று. பல நாள் அவன் வெற்றிலைக்குத்தான் சுண்ணாம்பு மிஞ்சாது.

துரையும் பாவம், செய்யாத வித்தை இல்லை. அரையடி தள்ளி நின்றார். முழங்கையை ஒடுக்கினார். கம்பைக் குட்டையாகப் பிடித்தார். தடம் மட்டும் ஓரத்தைவிட்டு அசையவில்லை.

காரணம் மாரிசாமிக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. மட்டை இறங்கும்போது துரை பந்தின்மேல் பாய்கிறார். உடம்பு முழுக்க நுனிக்காலுக்கு வந்துவிடுகிறது. குதிகாலில் ஊன்றி நின்றால் போதும். பதினைந்து வருஷம் சரிவில் நின்று தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவனுக்கு, கத்தி எங்கே விழும் என்பதைக் காலே சொல்லிவிடும். ஆனால் ஒரு துரைக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இன்று கடைசி அடியின்போது மூடுபனி இறங்கிவிட்டது. பந்து போன திசை தெரியவில்லை. தேடி எடுத்து வரச் சொல்லிவிட்டு, தடத்தைக்கூடப் பார்க்காமல், துரை மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்த கிளப்புக்கு நடந்துவிட்டார்.

தேட ஒன்றுமே இல்லை. பந்து இருபது அடி தள்ளி வடிகானுக்குள் கிடந்தது.

அதை எடுத்து நிமிர்ந்தபோது பனி விலகிவிட்டது. சுற்றிலும் ஈ, காக்கை இல்லை.

கை தன்பாட்டுக்கு ஓரத்துத் தடத்தைத் துடைத்துப் புதுச் சுண்ணாம்பைப் பூசியது. தன்பாட்டுக்கு ஈர மண்ணைக் குவித்துப் பந்தை அதன்மேல் வைத்தது. அதற்குமேல் நடந்ததற்குக் கையின்மேல் பழி போட முடியாது. மாரிசாமி குதிகாலில் ஊன்றி நின்று, ஆசை தீர ஓர் அடி அடித்தான்.

பந்து போன வழியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றவன், துரை கூப்பிட்ட சத்தம் கேட்டு மட்டையோடு அப்படியே ஓடிவந்தான். துடைக்க மறந்துவிட்டான்.

போன வருஷம் துரையின் தொப்பியைத் தன் தலையில் வைத்துப் பார்த்த குதிரைக்காரன், பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டான். தன் பெண்டாட்டி பெரியாயியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, வெளியே போகும் பசறை ரோட்டில் பாதி தூரம் மாரிசாமி இப்போதே மனதுக்குள் நடந்துவிட்டான்.

துரை நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பனிக்குள் போன அந்த அடி நடுவில் பட்டிருக்கிறதே என்று வராந்தாவிலிருந்த துரைமாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பந்து எங்கே விழுந்தது என்று மாரிசாமியைக் கேட்டார்.

மாரிசாமி சொன்னான். ஒரு பொய்யும் கலக்கவில்லை. பந்து முதலில் தாழப் போய், பிறகு மெல்ல எழும்பி, சவுக்கு மரத்து உச்சியைத் தாண்டி, ஓடைக்கு அக்கரையில் தேயிலைக்குள் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து குருவிகள் கும்பலாகக் கிளம்பின. சொல்லச் சொல்ல அவனுக்குப் பயம் போய்க் குஷி ஏறிவிட்டது. கையை வீசி வீசிக் காட்டினான். துரை எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

தடத்தை யாரும் துடைக்கக் கூடாது, அதன்மேல் வார்னிஷ் பூசிப் பங்களாச் சுவரில் மாட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மாரிசாமி மட்டையைக் கிளப்பின் பின்பக்கம் மஹ்ரூபிடம் கொண்டுபோனான். மஹ்ரூப் பதுளைக் கடைவீதியில் தச்சு வேலை பழகி, துரைமாரின் மட்டைகளைப் பழுதுபார்க்க வந்தவர்; அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை நானா என்பார்கள். இந்த மட்டையை மட்டும் மூன்று தரம் சரிசெய்திருக்கிறார்.

அவர் சுண்ணாம்பில் படாமல் மட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஓரத்து மரம் நசுங்கிக் கிடந்தது. நடுமரம் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, அடித்தபோது கையில் எப்படி இருந்தது என்று மாரிசாமியைக் கேட்டார்.

மாரிசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கென்ன தெரியும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் வராந்தாவில் சொல்ல முடியாமல் போனது அது ஒன்றுதான்.

"கையில ஒண்ணுமே தெரியலைங்க நானா. பந்து பட்டதே தெரியலை, அவ்வளவு லேசு."

மஹ்ரூப் சிரிக்கவில்லை. வார்னிஷ் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார்.

"அப்ப ரெண்டு பூச்சாப் பூசுவோம்," என்றார். "அழியாம இருக்கட்டும்."