பாறை மேல் பெட்டி

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லை ஐயா."

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. விடியுமுன் கிளம்பி, மூன்று பஸ் மாறி, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு அங்கே வந்திருந்தார்.

மனைவி மாதம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்த பிறகும் வாசல் குழாய்க்குப் போய்வர இரண்டு தடவை உட்காருகிறவள்.

"ஆனா, எங்களுக்கு அம்மாவோட இதயத் தகவலே வரலையே" என்றாள் கம்ப்யூட்டர் முன் இருந்த பெண்.

"தெனமும் கொண்டு போறேனுங்களே."

"எங்கே?"

"பாறைக்கு."

அவர்கள் மலையில் டவர் கிடைப்பது அந்தப் பாறை உச்சியில் மட்டும்தான். யார் போன் பேசுவதானாலும் அங்கேதான் ஏற வேண்டும். அவரும் ஏறினார். சார்ஜ் வீணாகக் கூடாதென்று அங்கே போய்த்தான் பொத்தானை அழுத்துவார். பச்சை விளக்கு எரியும். போன வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவார்.

அந்தப் பெண் திரையிலிருந்து திரும்பி மாதம்மாவைப் பார்த்தாள்.

"அம்மாவும் கூட வந்தாங்களா?"

"அவ எப்படீங்க ஏறுவா? மேடு ஏறவே கூடாதுன்னு டாக்டர்தானுங்களே சொன்னாரு. அதுக்குத்தான நான் தூக்கீட்டுப் போனேன்."

"அவங்க பக்கத்துல இருந்தாத்தான் ஐயா பெட்டி அவங்க நெஞ்சுல இருக்கறதைப் படிக்கும். படிச்சாத்தான் எங்களுக்கு அனுப்பும்."

எதிரே ஒரு டவுன்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெட்டி கட்டில் ஓரத்தில் இருக்கிறதாம். அவர் குறட்டை விடும்போதே எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுமாம். சற்று முன்புதான் பெருமையாகச் சொன்னார்.

இத்தனை நாள் வெறும் பாறையின் நாடியைத்தான் பார்த்திருக்கிறோம்.

முழங்கால் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

"ஒரே ஒரு நாள் வந்திருக்கு" என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடி. "போன மாசம் பன்னெண்டாம் தேதி. அன்னைக்கு இவங்க இதயம் ரொம்பத் தவிச்சிருக்கு ஐயா. என்ன பண்ணுனாங்க?"

அவர் யோசித்தார். பெருமழை விட்ட மறுநாள்.

"இருக்காதுங்க. அன்னைக்கு நான் காய்ச்சல்ல எந்திரிக்கவே இல்லை. பெட்டி ஊட்லதான்…"

நிறுத்திக்கொண்டார்.

மாதம்மா சேலை முந்தானையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தூங்கீட்டு இருந்தீங்க" என்றாள். "ஒரு நாளு தவறுனா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்."

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

துண்டை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. நாங்க பஸ்ஸுலயே வந்து காட்டிக்கறோம்."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கேட்க நிற்கவில்லை. மாதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் இரண்டே படிகள். முதல் படியிலேயே அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.