அஞ்சு நாள் பூட்டு

"நாலு நாளைக்கு உங்க கடைய மூடணும். உங்க தைலம் எங்க பிள்ளைங்களுக்கு ஆகாது."

டாக்டர் ஜெயப்பிரியா எடுத்த எடுப்பில் இப்படித்தான் ஆரம்பித்தார். 'தயவுசெய்து' என்ற வார்த்தையை கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

பொன்னுவேல் யூகலிப்டஸ் தைலத்தைக் கேனிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்தப் பிள்ளைங்கம்மா?"

"இனிமே வரப்போற பிள்ளைங்க."

கொடைக்கானலில் பதினோரு வருடமாகப் பிரசவம் பார்க்கிற டாக்டர் அவர். இந்த 2007இல்தான் துணிந்து, தன் கிளினிக் மாடியில் சோதனைக் குழாய்க் குழந்தைக்கு லேப் போட்டிருந்தார். தைலக்கடை சரியாக லேப் ஜன்னலுக்குக் கீழே.

லேபில் கருவை வளர்த்துத் தருவதற்காக மதுரையிலிருந்து வரும் நிபுணர் சுரேந்திரன், அன்று காலை மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"மேடம், நர்ஸ் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. ஓகே. ஆனா இந்தத் தைல நெடி? இதுல கரு வளர்றது கஷ்டம். நம்ம ஃபில்டர் தூசியத்தான் நிறுத்தும், நெடிய நிறுத்தாது."

நெடியை நிறுத்தும் மெஷின் ஜூனில்தான் வரும். அதுவரை பாண்டியம்மாள் காத்திருக்க முடியாது.

பாண்டியம்மாளுக்கு வில்பட்டியில் கேரட் தோட்ட வேலை. வயது முப்பத்தொன்பது, கல்யாணமாகிப் பதினாலு வருடம். கருமுட்டை வளர்வதற்கான ஊசி பாதிக்கு மேல் போட்டாயிற்று. வியாழக்கிழமை கருமுட்டையை எடுத்தே தீர வேண்டும். இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு அநேகமாகக் கிடையாது.

இத்தனையையும் டாக்டர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். "வியாழன் முட்டை எடுக்கிறோம். ஞாயித்துக்கிழமை கருவ உள்ள வைக்கிறோம். நடுவுல அது லேப்லதான் இருக்கும். அதான் நாலு நாள்."

"மே மாச சீசன்ல, மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வர்ற நேரத்துல கடைய மூடவா? நல்லாருக்கே நியாயம்!"

"ஒரு பொம்பளையோட வாழ்க்கை பொன்னுவேல்!"

"என் தைலத்தத் தேய்க்காம வளந்த புள்ளை இந்த மலையில உண்டாம்மா? உங்களுக்குச் சளி புடிச்சா எங்க ஆள் அனுப்புறீக?"

"கருவுக்கு அது விஷம்!"

பொன்னுவேல் கேனைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"முப்பது வருசமா விக்கிறேன். விஷம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். மூட முடியாது. போயி உங்க சோலியப் பாருங்க."

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்காத ஆளிடம் பேசப் போனது என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு மனு எழுதினார். அந்தக் கடையால் தெருவுக்கே சுகாதாரக் கேடு என்று, மனசறிந்து ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார்.

"சண்முகசுந்தரி, நாளைக்கு வெள்ளனே இத நகராட்சி ஆபீஸ்ல குடுத்துட்டுத்தான் நீ டியூட்டிக்கு வரணும்."

"சரிங்க மேடம்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள் நர்ஸ்.

புதன்கிழமை டாக்டர் காரை விட்டு இறங்கும்போதே பார்த்தார். தைலக்கடையில் பெரிய பூட்டு. அவருக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அரசாங்கம் இவ்வளவு வேகமா என்று ஆச்சரியம்கூட வந்தது.

வியாழக்கிழமை சுரேந்திரன் லேபில் நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "சூப்பர் மேடம்! ஒரு வாசனையும் இல்ல."

நாலு முட்டை கிடைத்தது. மூன்று கருவானது. ஞாயிற்றுக்கிழமை இரண்டை நல்லபடியாக உள்ளே வைத்தார்கள். திங்கட்கிழமை தைலக்கடை திறந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பாண்டியம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரும் அழுதார். லேபின் முதல் கேஸ், அதுவும் ஜெயித்துவிட்டதே!

நர்சையும் கூட்டிக்கொண்டு, லட்டுத் தட்டோடு தெருவில் இறங்கிவிட்டார். எல்லாக் கடைக்கும் கொடுத்து முடித்துக் கடைசியாகத் தைலக்கடை. ஜெயித்தவர்களுக்கே வரும் பெருந்தன்மை அவருக்கும் வந்திருந்தது.

"எடுத்துக்கங்க பொன்னுவேல். பாண்டியம்மாள் மாசமா இருக்கா. மனு குடுத்துக் கடைய மூட வச்சேன்னு மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு வேற வழி தெரியல."

பொன்னுவேல் நிமிர்ந்து பார்த்தார். "எந்த மனு?"

சண்முகசுந்தரி டாக்டரின் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"மேடம்... அந்த மனு என் பையிலதான் கெடக்கு. அன்னிக்குக் குடுக்கப் போறப்பவே கடை பூட்டியிருந்துச்சு. இனி எதுக்குன்னு விட்டுட்டேன்."

டாக்டர் லட்டுத் தட்டைக் கடைப் பலகையில் வைத்தார்.

"அப்ப... புதன்கிழமையே ஏன் பூட்டுனீங்க?"

"நெடி அடங்க ஒரு நாளாவது வேணும்ல? அய்யம்பாளையத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்."

"முடியாதுன்னு சொன்னீங்களே!"

"இப்ப வந்து கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்" என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டார் பொன்னுவேல். "எனக்குச் சண்டை உங்களோடதான டாக்டரம்மா? மாடியில இருந்த புள்ளைகளோட இல்லையே."